லீஃப்ஸ்பை புரோ: பாவித்த லீஃப் வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டிய அப்

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லி விடுகிறேன். நிசானின் மின்சாரக் காரான லீஃப் ஒன்றைப் பாவித்ததாக வாங்கும் எண்ணம் இருந்தால், காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே, அதன் பற்றரி நிலையைப் போனில் காட்டும் லீஃப்ஸ்பை புரோ அப்பையும், அதற்காகக் காரில் செருக வேண்டிய புளூடூத் டொங்கிளையும் வாங்கி விடுங்கள். நான் காரை வாங்கிய பிறகுதான் அதை வாங்கினேன். அதனால் வந்த நட்டத்தை இன்றும் மாதாமாதம் லீசிங் காசாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2021 ஓகஸ்ட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கொழும்பில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. கையில் இருந்த காசுக்கு ஒரு கார் சேலில் 2014 லீஃப் கிடைத்தது. 24 கிலோவாட் மணி பற்றரி, மீற்றரில் 61,000 கிலோமீற்றர், ஜப்பானில் ஓடிய கார். பெயின்ற் சுத்தம், ரயர் நல்லது, உள்ளே ஒரு கீறல் இல்லை. டாஷ்போர்டில் பற்றரி நிலையைக் காட்டும் சின்னக் கோடுகள் இருக்கும் தெரியுமா, சார்ஜ் அளவைக் காட்டும் பெரிய கட்டங்களுக்குப் பக்கத்தில், ஓரமாக, மெல்லிசாக? கீழே இரண்டு சிவப்பு, மேலே பத்து வெள்ளை. பன்னிரண்டும் எரிந்தன. "அண்ணை, ஏழு வருசக் காருக்கு பன்னிரண்டு கோடு எங்கே கிடைக்கும்" என்று விற்றவர் கேட்டார். எனக்கும் அது பெரிய அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

மூன்று கிழமையில் மூன்று கோடு போய்விட்டது. ஒரு நாள் காலையில் ஒன்று, அடுத்த கிழமை ஒன்று, அப்புறம் இன்னொன்று. பற்றரி அப்படித் தேயாது. ஒரு கோடு போக மாதங்கள், பல நேரம் வருடங்கள் எடுக்கும். மூன்று கிழமையில் மூன்று போனால், கார் வேறொரு பற்றரியைப் பற்றிய பொய்யை நினைவில் வைத்திருந்து, மெதுவாக உண்மையைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். பற்றரிப் பெட்டியைப் புதிதாக மாற்றும்போது பழைய தேய்மானக் கணக்கை அழிப்பதற்கென்று நிசானின் பணிமனைக் கருவியில் ஒரு வசதி உண்டு. பற்றரியை மாற்றாமலே அந்த வசதியை மட்டும் தட்டி விட்டால், பழைய பற்றரி கொஞ்ச நாளைக்குப் புதுசு போலக் காட்டும். விற்று முடிக்க அந்தக் கொஞ்ச நாள் போதும். விற்றவரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். சூட்டுக்கு அப்படித்தான், மழை வந்தால் திரும்பி வரும் என்றார். வரவில்லை.

அந்தக் கோடுகளைப் பற்றி இன்னொன்றும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டும் ஒரே அளவு இல்லை. முதல் கோடு போகவே 15 வீதம் இழக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் சுமார் 6.25 வீதம். ஆகவே பன்னிரண்டு கோடு என்றால் 100 வீதமாகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்பது கோடு என்றால் 72-க்கும் 66-க்கும் நடுவில் எங்கேயோ. பக்கத்தில் காட்டும் சார்ஜ் வீதமும் உதவாது, ஏனென்றால் அது எப்போதும் இருக்கிற பற்றரியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பத்துப் படி பிடித்த பானை ஆறு படிப் பானையாகச் சுருங்கினாலும், விளிம்பு வரை அரிசி இருந்தால் நிறைந்த பானைதான். பானை சுருங்கியதை அந்த எண் சொல்லாது.

சரி, இனி அப்புக்கு வருகிறேன்.

லீஃப்ஸ்பை என்பது லீஃப் காருக்கென்றே எழுதிய அப். லைட் என்று சின்னப் பதிப்பு ஒன்று, புரோ என்று முழுப் பதிப்பு ஒன்று. புரோவுக்கு ஒரு தடவை காசு கட்டினால் சரி, மாதச் சந்தா கிடையாது. அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டுக்கும் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே காரைப் பரிசோதிப்பதற்கான ஓபிடி2 சொக்கெட் இருக்கும், அதில் ஒரு டொங்கிளைச் செருகினால் அது காரின் கணினியோடு கதைத்து போனுக்கு அனுப்பும். டொங்கிளில்தான் ஆட்கள் வழுக்கி விழுவது. புறக்கோட்டையில் நான் முதலில் வாங்கியது ஈஎல்எம்327 என்று பெயர் போட்ட மலிவுச் சாமான், 2.1 பதிப்பு என்று மேலே ஒட்டியிருந்தது. போன் கண்டுபிடித்தது, ஜோடி சேர்ந்தது, ஆனால் காரிடமிருந்து ஒரு எண்கூட வரவில்லை. இரண்டு நாள் அப்பில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2.1 என்று வரும் போலிகளில் பல, லீஃப்புக்குத் தேவையான கட்டளைகளில் சிலவற்றைப் புரிந்துகொள்ளாது. 1.5 பதிப்பு ஒன்றைத் தேடி வாங்கிச் செருகிய உடனே வேலை செய்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் குறைந்த சக்தி புளூடூத் அல்லது வைஃபை உள்ள டொங்கிளாகப் பார்த்து வாங்க வேண்டும், சாதாரண புளூடூத் டொங்கிள் சரிவராது.

முதல் தடவை திரையில் வந்த எண்கள் எனக்கு இப்போதும் மனப்பாடம். ஏஎச்ஆர் 46.2. எஸ்ஓஎச் 70.4 வீதம். எச்எக்ஸ் 57. கிட்ஸ் 196. வெள்ளவத்தையில் வீட்டுக்கு முன்னால், ஒழுங்கையில், காருக்குள் ஏசி போடாமல் வியர்த்துக்கொண்டு இருந்து பார்த்தேன். மனைவி ஜன்னலில் தட்டி என்ன என்று கேட்டார், போனைத் திருப்பிக் காட்டினேன். எண் அவருக்குப் புரியவில்லை, என் முகம் புரிந்தது.

இவற்றில் நம்ப வேண்டியது முதல் எண்ணைத்தான். ஏஎச்ஆர் என்பது அம்பியர் மணி, பற்றரி எவ்வளவு மின்னைப் பிடித்து வைக்கும் என்பதன் அளவு. புது 24 கிலோவாட் மணி லீஃப்பில் அது 65.6 அளவில் இருக்கும். எஸ்ஓஎச் என்பது அதையே வீதமாகச் சொல்வது, 46.2-ஐ 65.6-ஆல் பிரித்துப் பாருங்கள், அதே 70.4 வரும். எச்எக்ஸ் பற்றரியின் அகத்தடையோடு தொடர்பு உள்ளது, அது குறையக் குறைய மேட்டில் ஏறும்போது பற்றரி திணறும். கிட்ஸ் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அலகு, பற்றரியில் இந்த நேரம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று சொல்வது. அமெரிக்காவில் லீஃப் வைத்திருந்த ஒருவர் முதன்முதலில் இந்த எண்ணைக் காரிலிருந்து எடுத்துக் காட்டும் மீற்றரைச் செய்தார், அவருடைய பெயரே அலகுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு கிட் சுமார் 77.5 வாட் மணி. புதுக் கார் முழுச் சார்ஜில் 281 கிட் காட்டும். என் கார் 196. பெருக்கிப் பார்த்தால் 15 கிலோவாட் மணியும் கொஞ்சமும். விளம்பரத்தில் ஜப்பான் கணக்கில் 228 கிலோமீற்றர் ஓடும் என்று போட்டிருந்த கார் இது. அமெரிக்காவின் சோதனையில் அதே 2014 காருக்கு 84 மைல், அதாவது 135 கிலோமீற்றர். உண்மைக்குக் கிட்ட இருப்பது இரண்டாவதுதான், அதிலும் என்னிடம் இருந்தது எழுபது வீதம்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுச் சார்ஜோடு நீர்கொழும்புக்கு மாமி வீட்டுக்குப் போய் வந்தேன். வத்தளை, ஜா-எல வழியாகப் பழைய வீதியில், ஏசி போட்டு, சாதாரண ஓட்டம். 196-ல் கிளம்பி 26-ல் வந்து நின்றேன், சுற்று வழியும் சேர்த்து 91 கிலோமீற்றர். 49 கிட்டுக்குக் கிட்ட வரும்போது முதல் எச்சரிக்கை வரும், 24-ல் இரண்டாவது. முதலாவது வந்து, இரண்டாவது வருவதற்கு இரண்டே கிட் மிச்சம் இருக்கும்போது வீட்டு வாசல். வயிறு கலங்கியதுதான், ஆனால் அன்றிலிருந்து காரில் மிச்ச தூரம் காட்டும் எண்ணை நான் பார்ப்பதே இல்லை. கிட்டைப் பார்க்கிறேன், இரண்டு கிட்டுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்குப் போடுகிறேன், இதுவரை தவறியதில்லை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். லீஃப்ஸ்பை எதையும் அளப்பதில்லை. காரின் பற்றரிக் கட்டுப்பாட்டுக் கணினி என்ன நினைக்கிறதோ அதை வாசித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணினியின் நினைவை ஒருவர் அழித்திருந்தால் அன்றைக்கு லீஃப்ஸ்பையும் 100 வீதம் என்றே காட்டும். நான் கார் வாங்கிய அன்று கையில் அப் இருந்திருந்தாலும் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்துதான் இருப்பேன். நியூசிலாந்தில் லீஃப் வைத்திருப்பவர்கள் பலர் தங்கள் அளவுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தபோது, 30 கிலோவாட் மணி கார்கள் 24-ஐ விட வேகமாகத் தேய்வதாக வந்தது. பிறகு பார்த்தால் கோளாறில் பெரும் பங்கு கணினியின் கணக்கில் இருந்தது, 2018-ல் நிசான் அதற்கு மென்பொருள் திருத்தம் கொடுத்தது. அதனால் எண்ணையும் பாருங்கள், ஓட்டியும் பாருங்கள். ஏழெட்டு வருடக் காரில் 98 வீதம் வந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அப் காட்டும் இன்னொரு எண் இருக்கிறது, கார் பார்க்கும்போது நான் தவறாமல் பார்ப்பது: இதுவரை எத்தனை தடவை வேகச் சார்ஜ், எத்தனை தடவை சாதாரணச் சார்ஜ் என்ற எண்ணிக்கை. என் காரில் வேகச் சார்ஜ் 38, சாதாரணச் சார்ஜ் 1,920. மொத்த கிலோமீற்றரை அதனால் பிரித்தால் ஒரு சார்ஜுக்குச் சராசரி 31 கிலோமீற்றர் வரும், ஜப்பானில் வேலைக்குப் போய் வந்து இரவில் செருகும் ஒருவரின் பழக்கத்துக்கு அது பொருந்துகிறது. விற்றவர் பற்றரிக் கணக்கில் கை வைத்திருந்தார், மீற்றரில் வைக்கவில்லை என்று அதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இனி என் கொப்பி. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை, இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகு, காரை நகர்த்தாமல், ஏசி போடாமல் ஒரு வாசிப்பு. தினமும் பார்க்காதீர்கள், பைத்தியம் பிடிக்கும். எண் இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும், வேகச் சார்ஜ் போட்ட மறுநாள் கொஞ்சம் கூடும், அதையெல்லாம் பற்றரி குணமாகி விட்டது என்று எடுக்கக் கூடாது. 2021 செப்டெம்பர் 46.2. 2022 செப்டெம்பர் 43.5. 2023 செப்டெம்பர் 41.3. 2024 செப்டெம்பர் 39.6, அதாவது 60.4 வீதம்.

முதல் வருடத்து இழப்புத்தான் பெரிசு என்று பார்த்தவுடன் தெரியும், 2.7. அந்த வருடம் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, அதன் பிறகு பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. எங்கள் ஒழுங்கையில் ஓடிய கார் என்னுடையது ஒன்றுதான். கரண்ட் வந்த நேரமெல்லாம், நள்ளிரவானாலும், ஓடிப் போய்ச் செருகி 100 வரை ஏற்றி வைத்தேன், எப்போது திரும்பப் போகும் என்று தெரியாதே. முன்வீட்டு அம்மாவை டயாலிசிஸுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை கொண்டு போனதும் இந்தக் காரில்தான். லித்தியம் பற்றரிக்கு மிகவும் ஆகாதது இரண்டு, சூடும், நிறைந்த சார்ஜோடு நெடுநேரம் கிடப்பதும். இரண்டையும் அந்த வருடம் தாராளமாகக் கொடுத்தேன். 2.7 அம்பியர் மணி அதற்குப் போனது, அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

சூடு பற்றிச் சொன்னேன். லீஃப் பற்றரிக்குக் குளிரூட்டும் வசதி கிடையாது, காற்று தானாக ஆற்றினால்தான் உண்டு. 2012-ல் அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம், புது லீஃப் வாங்கியவர்களுக்கு ஓரிரண்டு கோடைக்குள் கோடுகள் விழத் தொடங்கி அது வழக்கு வரை போனது. அதற்குப் பிறகுதான் நிசான் ஒன்பது கோட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தரும் உத்தரவாதத்தையே கொண்டு வந்தது. ஜப்பானில் ஓடி இங்கே இறங்கிய கார்களுக்கு அது நம் கைக்கு வராது. நமக்குக் குளிர்காலமும் கிடையாது. என் பற்றரிக்குள் இருக்கும் உணரிகள் காலையில் 28, 29 பாகை காட்டும், மாலை வேலை முடிந்து வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது 35, வேகச் சார்ஜ் போட்டால் 42. ஜப்பானில் ஓடித் தேய்ந்ததையும் இங்கே மூன்று வருடத்தில் தேய்ந்ததையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. 2022 கடைசியில் இருந்து இரவு முழுக்கச் செருகி விடுவதை நிறுத்தி, காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் மட்டும் ஏற்றி 80-ல் கழற்றுகிறேன், வேலை இடத்தில் மாமர நிழலுக்காக முன்கூட்டியே போகிறேன். மாதாந்த வாசிப்புக்கு மட்டும்தான் 100. இழப்பு குறைந்திருக்கிறது. பழக்கத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், தேய்மானம் எப்படியும் முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும்தான் இருக்கும்.

அப்பில் ஒரே ஒரு திரைக்காகவே காசு கொடுக்கலாம் என்றால் அது செல் திரைதான். லீஃப் பற்றரிக்குள் 192 செல், இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 ஜோடி. திரையில் 96 கோபுரம் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜோடியின் வோல்ட். நல்ல பற்றரியில் எல்லாம் ஒரே மட்டத்தில், புல்லு வெட்டினது போல இருக்கும். கீழே மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம் மில்லிவோல்ட்டில் வரும். 2023 பெப்ரவரியில் களனிப் பாலத்தில் ஏறும்போது கார் ஒரு கணம் மூச்சு விட்டது போல இழுவை குறைந்தது. சார்ஜ் 25 வீதம் இருந்தது, குறைய வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த நாள் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தேன். முழுச் சார்ஜில் வித்தியாசம் 18 மில்லிவோல்ட், குறையே சொல்ல முடியாது. 25 வீதத்துக்கு வந்து, மேட்டில் அவர் அழுத்திய உடனே, 95 கோபுரம் சேர்ந்து கொஞ்சம் குனிய, 41-வது மட்டும் குழிக்குள் விழுந்தது போல இறங்கியது. வித்தியாசம் 160. காலை எடுத்ததும் மெதுவாக எழுந்து மற்றதோடு வந்து நின்றது. மறுபடி அழுத்தச் சொன்னேன், மறுபடி அதே 41.

அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு மின்சாரக் கார் பார்க்கும் ஒரு கராஜுக்குப் போனேன். பாஸ் படத்தைப் பார்த்த உடனே சொன்னார், "தம்பி, முழுப் பெட்டியையும் மாத்தத் தேவையில்லை, ஒரு மொடியூல் போதும்." 48 மொடியூல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி, ஆகவே 41-ம் 42-ம் ஒரே தகரப் பெட்டிக்குள். உள்ளே ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, மொடியூலாகத்தான் மாற்ற வேண்டும். பின் இருக்கைக்கு முன்னால் தரையில் உள்ள, பெரிய பற்றரியின் மின்னைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, காத்திருந்து, கிட்டத்தட்ட 300 கிலோ பெட்டியைக் கீழே இறக்கி, மோதிய கார் ஒன்றிலிருந்து எடுத்த மொடியூலின் வோல்ட்டை மற்றவற்றோடு சமப்படுத்திப் போட்டார். ஒரு நாள் வேலை. முழுச் சார்ஜில் 394 வோல்ட் நிற்கும் பெட்டி அது, உயிரை எடுக்கும், வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். மாற்றிய பிறகு அதே மேட்டில் அதே 25 வீதத்தில் 35 மில்லிவோல்ட். அப் இல்லாமல் போயிருந்தால் முழுப் பற்றரி மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்ல, நானும் தலையாட்டியிருப்பேன்.

குறை என்று பார்த்தால், ஒரு திரைக்குள் எண்களை நெருக்கி அடைத்திருக்கிறார்கள், முதல் கிழமை எல்லாருக்கும் தலை சுற்றும். லைட் பதிப்போடு நிற்காதீர்கள், விவரமான திரைகளும், கோளாறுக் குறியீடு வாசிப்பதும், பதிவைக் கோப்பாக எடுப்பதும் புரோவில்தான். டொங்கிளைச் செருகியபடி விட்டுப் போகவும் கூடாது. அந்தச் சொக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், கார் நின்றிருந்தாலும் டொங்கிள் 12 வோல்ட் பற்றரியை உறிஞ்சும். ஒன்பது நாள் யாழ்ப்பாணம் போய் வந்து பார்த்தால் கதவே திறக்கவில்லை, பெரிய பற்றரியில் 70 வீதம் சார்ஜ் இருந்தும். இப்போது வாசிப்பு முடிந்ததும் கழற்றி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டு விடுகிறேன்.

போன மாதம் வேலை இடத்தில் இருக்கும் ஒரு தம்பி லீஃப் பார்க்க வேண்டும், கூட வாங்கோ அண்ணை என்றான். நுகேகொடைப் பக்கம் இரண்டு கார். முதலாவது 2015, பன்னிரண்டு கோடு, எஸ்ஓஎச் 97. இரண்டாவது 2013, ஒன்பது கோடு, 68 வீதம், ஏஎச்ஆர் 44.6, விலையும் நல்லாகவே குறைவு. இரண்டையும் ஒரே வீதியில் 18 கிலோமீற்றர் ஓட்டினோம், ஏசி போட்டு. 97 வீதக் காரில் 60 கிட் காணாமல் போனது, செல் வித்தியாசம் 110 வரை விரிந்தது. 68 வீதக் காரில் 35 கிட், கோபுரங்கள் கடைசி வரை வரிசை குலையவில்லை. முதலாவது காரின் சொந்தக்காரரிடம் காரணம் கேட்டோம், புதுப் பற்றரி பழக நாள் எடுக்கும் என்றார். தம்பி வீட்டில் இருந்து வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றர். 44.6-ல் அது தாராளமாக ஓடும், இறங்கி இறங்கி 35-க்கு வந்தாலும் ஓடும் என்று கொப்பியில் போட்டுக் காட்டினேன். ஒன்பது கோட்டுக் காரை எடுத்தான். தன் கொப்பியில் முதல் வாசிப்பை அன்றைக்கே எழுதிக்கொண்டான்.